இன்னும் வேலை முடியலங்க

மனித நாகரிகம் தீயில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடி வைத்த அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன்னால் வாழ்ந்தவர்கள் மனிதர்கள் மாதிரி இருந்த வேறு ஏதோ. இதை என் அண்ணன், முதல் சம்பளம் வந்த மறுநாள், எங்கள் வீட்டுப் படியில் நின்றுகொண்டு அறிவித்தான். கேட்டவர்கள் நானும் அப்பாவும். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்துவிட்டு, "சரிங்க மந்திரி" என்றார்.

எங்கள் படிக்குக் கைப்பிடி கிடையாது. மறந்துபோய் விட்டதல்ல. எங்கள் தெருவில் எந்தப் படிக்கும் கிடையாது. இந்தப் பகுதியில் வீட்டு வரி தலைக்கு மேல். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதிதான். ஆனால் அங்கே குடிபோனால் வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும், மிச்சம் பிடித்ததையெல்லாம் கண்டக்டரிடம் கொடுத்துவிடலாம். ஆகவே இந்தப் பக்கத்து ஜனங்கள் வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். கட்டி முடித்த வீட்டுக்குத்தான் முழு வரி. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குக் கொஞ்சம்தான். எனவே யாரும் முடிப்பதில்லை. ஒவ்வொரு மொட்டைமாடியிலும் வராத அடுத்த மாடிக்காகக் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கும். கொடி கட்டித் துணி காயப்போட வசதி.

அப்பா பெயிண்டர். ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கை பட்டவை. எங்கள் சுவர் மட்டும் சிமெண்ட் நிறத்தில் அப்படியே இருக்கிறது. "பெயிண்ட் அடிச்சா முடிஞ்சுடுச்சுன்னு அர்த்தம்டா" என்பார், ஊரார் வீட்டு வண்ணமெல்லாம் சட்டையில் தெறித்திருக்க.

வாசலில் ஒரு சிமெண்ட் மூட்டை. அண்ணன் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது, வாங்கிய வருஷமே கல்லாகிவிட்டது. இங்கே வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வானம் இருண்டால் அப்பா அதன்மேல் தார்ப்பாய் போர்த்தி, மூலைக்கு மூலை செங்கல் வைப்பார். சாட்சியை நனையவிடுகிறவன் வேலை செய்கிறவன் மாதிரி இருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. அண்ணன் ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் முதலில் அதைத்தான் நலம் விசாரிப்பான். "மூட்டைக்குக் குளிருதாப்பா? ஸ்வெட்டர் ஏதும் வாங்கிட்டு வரட்டா?"

வரி ஆபீஸிலிருந்து வருஷத்துக்கு ஒருவர் வருவார். தெருவில் அவருக்கு டேப்காரர் என்று பேர். எப்போது வருவார் என்று சொல்வதில்லை. ஆனால் முதல் வீட்டில் அவர் டேப்பை இழுக்கும்போதே கடைசி வீடு வரை போன் வந்துவிடும். உடனே எதிர்வீட்டு டீச்சரின் தள்ளுவண்டி கிளம்பும். கொஞ்சம் மணலும் ஒரு கொத்துக்கரண்டியும் ஏற்றி, அடுத்து அவர் வரப்போகிற வீட்டு வாசலில் நிறுத்துவார்கள். அவர் அளந்து முடித்ததும் பின்சந்து வழியாக அது முந்திக்கொண்டு போய் அதற்கடுத்த வீட்டில் நிற்கும். ஒருமுறை சந்து முனையில் நேருக்கு நேர் வந்துவிட்டதாம். டேப்காரர் ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிட்டாராம்.

அவரிடம் அப்பா வருஷா வருஷம் சொல்வது ஒரே வாக்கியம். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இன்னும் வேலை முடியலங்க சார்." அண்ணன் அதை அச்சு அசலாக நடித்துக்காட்டுவான். விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார், கடைசியாக, கொஞ்சமாக.

இதில் சிரிக்காதது அம்மாவின் முட்டி மட்டும். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்ற நிலை. சமையலும் குளியலும் கீழே, படுக்கை மேலே. ஏறும்போது சுவரைத் தடவிக்கொண்டு ஏறுவாள். இறங்கும்போது சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். ஆபரேஷன் பண்ணியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, வரியில் மிஞ்சுவதெல்லாம் பேங்கில் ஒரு கணக்கில் போகிறது. வீட்டில் அந்தக் கணக்குக்கே முட்டி என்று பேர். "முட்டியில கை வைக்காத" என்றால் பணத்தைச் சொல்கிறார்கள். அது ஒருவழியாக நிறைந்து, அடுத்த மாதம் நாளும் குறித்தாகிவிட்டது.

"அதாவது" என்பான் அண்ணன், "முட்டிக்காகக் கைப்பிடி வைக்கல. கைப்பிடி இல்லாம முட்டி போச்சு. போன முட்டிக்காக மறுபடி கைப்பிடி வைக்கல. கேக்கவே பெருமையா இருக்கு."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் எரிச்சல்.

நாகரிகத்தைப் பற்றி அறிவித்த அந்த வாரமே, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஆளைக் கூட்டிவந்து கைப்பிடியைப் பொருத்திவிட்டான். பளபளவென்று எவர்சில்வர் குழாய், கீழிருந்து மேல்வரை. எங்கள் வீட்டில் முகம் தெரிகிற ஒரே பொருள் அதுதான்.

அப்பா வந்தார். தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு. கழட்டு."

"கழட்ட மாட்டேன்."

"டேப்காரர் வர்ற மாசம்டா. முடிச்ச வீடுன்னு எழுதிட்டா, போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கேப்பாங்க."

"கேக்கட்டும். கட்டுவோம். ஒரு தடவையாவது ஒழுங்கா வரி கட்டி வாழ்ந்து பாப்போமே."

"அம்மா முட்டியிலேர்ந்துதான் கட்டணும்."

"ஏன், என் சம்பளம் இல்லையா?"

"உன் சம்பளம் சுவத்துல மாட்டியிருக்கு" என்றார் அப்பா.

அப்போது அம்மா உள்ளே வந்தாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே போனவள் நின்றபடியே இறங்கி வந்தாள். பிறகு மறுபடியும் ஏறினாள்.

"என்னம்மா எடுக்கணும், நான் எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"ஒண்ணும் எடுக்கல. சும்மா."

அப்பா அதற்கப்புறம் கழட்டு என்று சொல்லவில்லை. சாப்பிடும்போது அண்ணன்தான் சொன்னான். "அவர் வரட்டும். நான் பேசிக்கறேன். ஆமாங்க, வீடு முடிஞ்சிடுச்சு, எழுதிக்கோங்கன்னு முகத்தைப் பாத்துச் சொல்றேன். இந்த வீட்ல ஒருத்தனாவது நிமிர்ந்து பேசணும்ல."

"பேசு, பேசு" என்றார் அப்பா. அவருக்குக் களைப்பு.

டேப்காரர் மறுநாளே வந்துவிட்டார். அப்பா எங்கோ சாரத்தின் மேல் இருந்தார். அம்மாவுக்கு விடுமுறை, மேலே இருந்தாள். டீச்சர் போன் பண்ணினார். "தம்பி, முதல் வீட்டுக்கு வந்தாச்சு. வண்டி அனுப்பட்டா?"

"வேண்டாங்க டீச்சர்" என்றான் அண்ணன் ஸ்பீக்கரில். "எங்க வீடு முடிஞ்சிடுச்சு."

டீச்சர், "உடம்பு சரியில்லையாப்பா?" என்றார்.

அண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டான். தலை வாரிக்கொண்டான். கைப்பிடியைத் துடைக்கத் துணியோடு படிக்குத் திரும்பியவன், அப்படியே நின்றான்.

மேல்படியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். துண்டைச் சுற்றி, கைப்பிடியின் நட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் பேசியது மேலே கேட்டிருக்கும்.

"இது எந்தப் பக்கம்டா திறக்கும்?" என்றாள் நிமிராமல்.

"அம்மா, விடும்மா. நான் பேசிக்கறேன்னு சொன்னேன்ல."

"நீ பேசுவ. நல்லாவே பேசுவ. எந்தப் பக்கம் சொல்லு."

"ஆசைப்பட்டுத்தானே ஏறி இறங்கின."

"ஏறி இறங்கியாச்சுல்ல. முட்டி வந்ததும் மறுபடி ஏறி இறங்கறேன். எந்தப் பக்கம்?"

அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. நட்டு இம்மியும் அசையவில்லை. ஆள் அவ்வளவு நன்றாக முடுக்கியிருந்தான்; அதற்குத் தனியாகக் காசு கொடுத்திருந்தான் அண்ணன்.

அண்ணன் துணியை என் கையில் திணித்தான். ஸ்பேனர் எங்கே என்று கேட்கவில்லை. நேராகப் போய் எடுத்துவந்தான். கீழிருந்து மேலே கழற்றிக்கொண்டே போனான். நான் குழாயைத் தாங்கிக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் தள்ளி, பழைய போர்வையால் மூடினோம். சுவரில் இருந்த ஓட்டைகளில் வாசல் மண்ணைக் குழைத்து அவனே அடைத்தான். அப்புறம் டீச்சருக்கு அவனே போன் போட்டான். "டீச்சர், வண்டி."

டேப்காரர் உள்ளே வந்தார். வயதானவர். மாடியை அளக்கச் சுவரைப் பிடித்தபடி ஏறினார். நடுவழியில் விரல் ஈர மண்ணில் பட்டது. விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பேண்டில் துடைத்துக்கொண்டார். இறங்கி வந்து, மூச்சு வாங்கியபடி, "படிக்குக் கைப்பிடி இல்லையா?" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். கையைக் கட்டியிருந்தான். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"இன்னும் வேலை முடியலங்க சார்."

அத்தனை தடவை நடித்தவன், நடிக்காமல் சொன்னபோதுதான் அப்பா குரல் அப்படியே வந்தது.

"முடியும், முடியும்" என்றார் டேப்காரர், டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "எங்க வீடே இன்னும் முடியல." வெளியே போனார். அவருக்கு முன்னால் தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது.

அம்மா இறங்க வேண்டியிருந்தது. அண்ணன் ஒரு படி கீழே முதுகைக் காட்டி நின்றான். அவள் அவன் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். "ஆடாம நில்லுடா" என்றாள். ஒவ்வொரு படியாக, அவன் ஆடாமல் இறங்கினான்.

மத்தியானம் வானம் இருண்டது. நான் ஜன்னலைச் சாத்த எழுந்தபோது, அண்ணன் வாசலில் குனிந்து சிமெண்ட் மூட்டையின் மேல் தார்ப்பாயை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். மூன்று மூலைக்குச் செங்கல் வைத்தாகிவிட்டது. நாலாவது மூலை காற்றில் படபடத்தது. அதைக் காலால் மிதித்துக்கொண்டு அக்கம்பக்கம் தேடினான்.

படிக்கு அடியில் ஒரு செங்கல் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.