இன்றைக்கு எத்தனை பேர்

அவர் பல வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். அவர் ஓட்டிய தடத்தில் கூட்டம் குறைந்துவிட்டது என்று ஒருநாள் அந்தப் பஸ்ஸையே நிறுத்திவிட்டார்கள். அவர் வீட்டில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே அண்ணன் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். நீ சும்மாதானே இருக்கிறாய், கொஞ்ச நாள் பார்த்துக்கொள் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பையனுக்குப் பள்ளிக்கூடம் போகும் வயது வந்தபோது வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தார்கள். அவன் சித்தப்பா என்று கூப்பிட்டதைக் கேட்டு அவர்களும் சித்தப்பா என்றார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்ட அம்மாக்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவரைவிட வயதில் மூத்த ஒரு அம்மாள், பேரனை விட வருகிறவள், அவளுக்கும் அவர் சித்தப்பாதான்.

"ஊருக்கே சித்தப்பா ஆயிட்டீங்க. நான் யாருக்குச் சித்தின்னுதான் தெரியல" என்று மனைவி சிரிப்பாள்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவு டியூட்டி. காலையில் அவள் செருப்பைக் கழற்றும்போது பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அவள் ஒவ்வொரு தலையையும் தொட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் தூக்கம் கலையக் கூடாது. அதனால் அந்த வீட்டில் எல்லாமே மெல்ல நடந்தது. பிள்ளைகள் மெல்லச் சண்டை போட்டார்கள், மெல்ல அழுதார்கள். மத்தியானம் முன்னறையில் பாய்களை விரித்து நீலத் திரையை இழுத்துவிட்டால், அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல ஆகிவிடும்.

அவருக்குத் தாலாட்டு வராது. கதையும் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தது பழைய பஸ் தடம். சுவரில் சாய்ந்துகொண்டு தாழ்ந்த குரலில் அதை ஓட்டுவார். "பஸ் ஸ்டாண்டு விட்டாச்சு. அடுத்தது தண்ணித் தொட்டி. ஒரு அம்மா கூடையோட இறங்கறாங்க, மெதுவா இறங்குங்கம்மா. அடுத்தது மரக்கடை. யாருமே இறங்கல." பாலம் வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிடும். கடைசி நிறுத்தம் வரைக்கும் கண் விழித்திருக்கிறவள் ஒருத்திதான். நடந்தால் சத்தம் கேட்காது என்பதால் அவளுக்குப் பூனை என்று பெயர். நான்கு வயதிருக்கும். பஸ் நின்றதும், "அப்புறம் டிரைவர் எங்க போவாரு?" என்று கேட்பாள். டிரைவரும் தூங்கப் போவார் என்றதும்தான் கண்ணை மூடுவாள்.

பிள்ளைகளின் அம்மாக்களில் முக்கால்வாசிப் பேர் ஊருக்கு வெளியே இருந்த சலவை ஆலையில் வேலை செய்தார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை மலைமலையாகத் துவைத்து, காயவைத்து, பெட்டிபோட்டு அனுப்பும் ஆலை. விரிப்பு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு ஆள் போதும் அவர்களுக்கு. நாளைக்கு யார் வர வேண்டும் என்று சாயங்காலம்தான் போன் செய்வார்கள். போன் வந்தவளின் பிள்ளை மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வரும். வராதவளின் பிள்ளை அம்மாவோடு வீட்டில் இருக்கும். பிள்ளை வந்த நாளுக்கு மட்டும்தான் அவருக்குக் காசு. ஆகவே காலையில் எழுந்து கஞ்சிக்கு உலை வைக்கும்போது எத்தனை பேருக்கு வைப்பது என்று அவருக்குத் தெரியாது. ஏழு பேருக்கு வைத்துவிட்டு இரண்டு பேருடன் உட்கார்ந்திருப்பார். மூன்று பேருக்கு வைத்த நாளில் வாசலில் செருப்பு குவியும்.

பஸ் ஓட்டிய காலத்தில் மத்தியான வண்டி பல நாள் காலியாகத்தான் போகும். பின்னால் ஒரே ஒரு ஆள், அவரும் தூங்கிக்கொண்டு. அது அவருக்கு ஒரு சுகமாகத்தான் இருந்தது. காலி சீட்டைப் பற்றிக் கவலைப்பட வேறு யாரோ இருந்தார்கள். இப்போது காலி என்றால் அது அவருடைய காலி. ஒரு பாய் சும்மா கிடந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் வந்தது. ஊருக்கு யாரும் வரவில்லை, ஓட்டல்கள் காற்று வாங்கின, ஆலையிலிருந்து போன் வருவது நின்றுபோனது. ஒவ்வொரு பிள்ளையாகக் குறைந்து பூனை மட்டும் மிஞ்சினாள். அவள் அம்மா ஆலை நிர்வாகியின் அறையைக் கூட்டிப் பெருக்குகிறவள், அதனால் அவளுக்கு மட்டும் வேலை இருந்தது. ஒரு நாள் பூனையும் வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மத்தியானம் பழக்கத்தில் கை போய்த் திரையை இழுத்துவிட்டது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அறையில் மூச்சுச் சத்தம் கேட்டது. சின்னச் சின்ன மூச்சுகள், ஒன்று ஏற ஒன்று இறங்க. அது திரை ஜன்னல் கம்பியில் உரசும் சத்தம் என்று தெரிந்த பிறகும் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இதுவரை வந்து போன பிள்ளைகளெல்லாம் அங்கே படுத்திருப்பதுபோல இருந்தது. பள்ளிக்கூடம் போய்விட்டவர்கள், ஊர் மாறிவிட்டவர்கள், ஒரே ஒரு வாரம் வந்து அழுதுவிட்டுப் போன ஒரு பையன்கூட. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள்.

"ஏங்க, யாருமே இல்லையா?"

"இல்ல."

"அதான் எனக்கு முழிப்பு வந்துடுச்சு. சத்தமே இல்லாம எப்படித் தூங்கறது" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அந்த வாரத்தில்தான் பழைய கண்டக்டர் வந்தார். இவரோடு ஒரே பஸ்ஸில் வேலை பார்த்தவர், இப்போது வாடகை வண்டிகள் ஓடும் ஓர் இடத்தில் இருந்தார். டீயைக் குடித்துக்கொண்டே சுற்றிலும் பார்த்தார். சலவை ஆலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேனுக்கு டிரைவர் தேடுகிறார்கள், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் சம்பளம் வரும் என்றார். "பிள்ளைங்கள நம்பி எத்தனை நாள் ஓட்டுவீங்க, டிரைவரே? அதுங்க இன்னிக்கு வரும், நாளைக்கு வராது. ஸ்டியரிங் அப்படியா?"

கண்டக்டர் போனபின் இவர் மனைவியிடம் கேட்டார். அவள் இதில் நான் சொல்ல எதுவுமில்லை என்றாள். பிறகு, நீங்கள் ராத்திரியில் புரண்டு புரண்டு படுப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று கேலி செய்தாள். அவர் சரி என்று சொல்லிவிட்டார். இனிமேல் பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று பூனையின் அம்மாவிடம் வாசலில் நின்றபடியே சொன்னார். அவள் மகளின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு, கழற்றி, மறுபடியும் போட்டாள்.

"சரிங்க சித்தப்பா. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் வேனில் ஏறிய சில நாட்களிலேயே மழை விட்டது. ஊருக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள், ஆலையில் விரிப்புகள் குவிந்தன, போன் ஓயாமல் அடித்தது. விடிந்ததுமே வேன் நிரம்பியது. ஏறியவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்த அம்மாக்கள். என்ன சித்தப்பா, எங்களையும் நீங்களே பாத்துக்கறீங்களா என்று ஏறும்போது ஒருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மரக்கடை வரைக்கும்தான். அதற்குமேல் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகள் சாய்ந்தன. கண்ணாடியில் பார்த்தார். வாய் லேசாகத் திறந்து, கை மடியில் விழுந்து, பக்கத்தில் இருப்பவள் தோளில் கன்னம் அழுந்தி, எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை தூங்கும் விதத்திலேயே தூங்கினாள். குப்புறப் படுக்கும் பையனின் அம்மா முன் சீட்டின் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள். அவர் பள்ளம் பார்த்து ஓட்டினார். பிரேக்கைத் தொடும்போது கால் தானாகவே மெல்ல அழுத்தியது.

பிள்ளைகள் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. பேச்சுவாக்கில் காதில் விழுந்தது. ஒருத்தி மூத்த மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைத்திருந்தாள். ஒருத்தி மூன்று தெரு தள்ளி யாரிடமோ விட்டிருந்தாள், அங்கே நாள் முழுக்க டிவிதான். அவருடைய வீட்டில் பாய்கள் சுருட்டிக் கிடந்தன. இப்போதுதான் எல்லாரும் வந்திருப்பார்கள், இப்போது பார்த்து வீட்டில் அவர் இல்லை.

ஒரு காலையில் எல்லாரும் ஆலை வாசலில் இறங்கியபின், பூனையின் அம்மா மட்டும் கடைசி சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. போர்வையை லேசாக விலக்கினாள். உள்ளே மகள் சுருண்டு படுத்திருந்தாள்.

"விட ஆளில்ல சித்தப்பா. இன்னிக்கு ஒரு நாள் வேன்லயே இருக்கட்டும். சத்தமே போட மாட்டா, உங்களுக்குத்தான் தெரியுமே."

அவருக்குச் சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பு. வேனை ஆலையின் பின்பக்கம் கொண்டுபோய், விரிப்புகள் காயும் வெளிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். வரிசை வரிசையாகக் கொடியில் வெள்ளைத் துணி. நடுவில் குழாய்களிலிருந்து ஆவி எழுந்து காற்றோடு நகர்ந்தது. சில நேரம் ஆவி வந்து வேனை மூடிக்கொள்ளும், அப்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இருக்காது. பிறகு அது விலகி, ஒரு விரிப்பின் விளிம்பு தெரியும், அதன் கீழே யாரோ ஒருத்தியின் பாதம் மட்டும் நடந்து போகும்.

பூனை எழுந்து முன் சீட்டுக்கு வந்தாள். அவர் கொண்டுவந்திருந்த ரொட்டியில் பாதியைச் சாப்பிட்டாள். மேகத்துக்குள்ளே வந்துட்டோமா என்று கேட்டாள். ஆமாம் என்றார். வெயில் ஏறியதும் அவள் தலை அவர் தொடையில் சாய்ந்தது. அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். தண்ணித் தொட்டி, மரக்கடை. பாலத்துக்கு முன்பே அவள் தூங்கிவிட்டாள். இதுவரை அப்படி நடந்ததே இல்லை. எவ்வளவு களைத்திருந்தால் இப்படித் தூங்குவாள் என்று நினைத்தார். கால் மரத்துப்போன பின்னும் அவர் அசையவில்லை.

சாயங்காலம் வேனில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பூனை மடி மாறி மாறிப் பயணம் செய்தாள். அன்று யாரும் தூங்கவில்லை. பாலத்தின் மேல் போகும்போது, பேரனை விட வந்துகொண்டிருந்த அந்த மூத்த அம்மாள், அவளுக்கும் ஆலையில்தான் வேலை, முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஏன் கதவ மூடினீங்கன்னு எங்களுக்குத் தெரியும் சித்தப்பா. எங்களுக்கு வேலை இருந்தா உங்களுக்கு வேலை. எங்களுக்கு இல்லன்னா உங்களுக்கும் இல்ல. அத நாங்க யோசிக்கவே இல்ல."

அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார்.

"பிள்ளை வந்தாலும் வராட்டியும் மாசாமாசம் ஏதோ ஒண்ணு குடுத்துடறோம். கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனா அந்த இடம் எங்க பிள்ளைக்குன்னு இருக்கட்டும். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் காத்திருப்பது அவர் முதுகில் தெரிந்தது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அப்படிச் சொன்னாலும், அடுத்த நிறுத்தத்தில் ஒருத்தி இறங்கும்போது, பையனுக்கு இன்னும் பால் ஒத்துக்கொள்வதில்லையா என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மனைவி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் மேகத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் தலைமுடியைக் கொண்டை போட்டபடி கேட்டாள்.

"அந்த வேலைய விட்டா மறுபடியும் புரண்டு படுப்பீங்க."

"படுப்பேன்."

"நானும் இந்த ஒரு மாசமா பகல்ல தூங்கல" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள். "மறக்காம திரையத் துவைச்சுப் போடுங்க. ஒட்டடை பிடிச்சுக் கிடக்கு."

கண்டக்டருக்குக் கோபம்தான். வேறு டிரைவர் கிடைக்கும் வரை இவர் ஓட்டிக்கொடுத்த பிறகு அதுவும் ஆறியது. மறுபடியும் கதவைத் திறந்த முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். இடம் போதாமல் இரண்டு பேர் சமையலறைப் பக்கம் படுத்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. எல்லாரும் சொன்னபடி கொடுத்த மாதமும் உண்டு, பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்ற மாதமும் உண்டு. ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரை விட்டே போய்விட்டது. ஆனால் ஒரேயடியாகக் கை காலியாகவில்லை. அதனால் காலையில் வாசலில் செருப்பை எண்ணுவதை அவர் விட்டுவிட்டார். ஏழு பேர் வரும் நாளில் வீட்டைவிட்டு நகர முடியாது, ஒருவன் மூக்கைத் துடைப்பதற்குள் இன்னொருவன் தண்ணீரைக் கொட்டியிருப்பான். ஒருவரோ இருவரோ வரும் நாளில் வெளியே போகலாம் என்று அவருக்குத் தாமதமாகத்தான் தோன்றியது.

அடுத்த மழைக்காலத்தில், ஆலை மறுபடியும் ஓய்ந்திருந்த ஒரு நாள், பூனையும் பால் ஒத்துக்கொள்ளாத பையனும் மட்டும் வந்தார்கள். மழை விட்டிருந்தது. இருவரையும் கூட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக நடந்தார். வாத்துகள் கரையேறி நின்று இறக்கையை உதறின. பையன் ஒவ்வொன்றாக எண்ணி, குழம்பி, மறுபடியும் எண்ணினான். எண்ணி முடிப்பதற்குள் ஒன்று தண்ணீரில் இறங்கிவிடும், இரண்டு மேலே வரும். போகட்டும் விடு என்று பூனை அவனுக்குச் சொன்னாள். திரும்பும்போது பையனுக்குக் கண் சொருகியது. அவர் அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். பூனை அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கூடவே வந்தாள். வீட்டுக்குப் போகக் குறுக்குவழி இருந்தது. அவர் சுற்றுவழியிலேயே நடந்தார்.