ஒரே வயரில் கையும் காலும்

வீட்டின் மூன்று பக்கங்களிலிருந்தும் கேபிள்கள் கூடத்துக்கு வந்தன. கார் ஷெட்டிலிருந்து ஒன்று. அங்கே அவள் கணவன் டிரம்ஸோடு இருந்தான். மாடி அறையிலிருந்து ஒன்று. அங்கே பேஸ் கிட்டாரோடு கணவனின் நண்பன், குழுவில் எல்லோரும் மொட்டை என்று கூப்பிடுபவன். படுக்கையறையிலிருந்து ஒன்று, அங்கே நாத்தனார் சுற்றிலும் போர்வைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பாட நின்றாள். அறைக்கு ஒரு பெட்டி, மைக்குகளின் முனைகளைச் செருக; ஆளுக்கு ஒரு ஹெட்போன், மற்றவர்களைக் கேட்க. எல்லாம் வந்து சேரும் சாப்பாட்டு மேஜையில், சத்தங்களைக் கலக்கும் மிக்ஸருக்கு முன்னால் அவள்.

இத்தனை நாள் மேடைகளில் பயன்படுத்திய பெட்டிகள்தான். வீட்டுக்குள் வந்தது இதுவே முதல் முறை.

அவளுக்குப் பின்னால் ஸ்டுடியோக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய ஹாலைக் காலி செய்யப்போகிறார். இனி வாசிப்பவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே வாசிக்க வேண்டும். அதற்கு வீடு வீடாக வயர் இழுத்து, பெட்டி வைத்து, சத்தத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

"ஒரு வீட்டுல ஓடிடுச்சுன்னா ஊர் பூரா ஓடும்மா" என்றிருந்தார். "இன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இன்றைக்கு நன்றாகக் கேட்டால் அந்த ஆள் அவள். இல்லையென்றால் மறுபடியும் மேடைக்குப் பின்னால் கேபிள் சுருட்ட வேண்டியதுதான்.

முதல் பாட்டு பாதியில் நின்றது. நிறுத்தியவன் மொட்டை.

"தங்கச்சி, எனக்கு டிரம்ஸ் லேட்டா வருது. கல்யாணத்துக்கு வான்னா கருமாதிக்கு வர்றான் உன் புருஷன்."

ஷெட்டிலிருந்து கணவனின் குரல் வந்தது. "நான் சரியாத்தான் அடிக்கிறேன். வயர்ல ஏதோ இருக்கு, பாரு."

நாத்தனார் சிரித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வாசிக்க வராதவனெல்லாம் டிரம்ஸைக் குத்தம் சொல்றான். மொட்டைண்ணே, உங்களைத்தான்."

மொட்டையும் சிரித்தான். ஷெட்டில் சிரிப்பு கேட்கவில்லை.

அவள் பதிவான சத்தத்தைத் திரையில் விரித்துப் பார்த்தாள். ஒவ்வோர் அடியும் ஒரு கோடாக எழுந்து நின்றது. மேல் வரிசையில் கணவனின் கைகள்: சிறிய டிரம், பித்தளைத் தட்டு. தாளத்தின் கோட்டில் இம்மி பிசகவில்லை. கீழ் வரிசையில் அவனுடைய வலது கால்: பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம். அது ஒவ்வொரு முறையும் கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. பாட்டு போகப்போக இன்னும் தள்ளி.

இரண்டும் ஒரே பெட்டி வழியாக, ஒரே வயரில் வருகின்றன. வயர் தாமதித்தால் எல்லாம் தாமதிக்கும். வயருக்குக் கை எது, கால் எது என்று தெரியாது.

அவள் திரையைச் சட்டென்று சுருக்கினாள்.

"என்னம்மா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"பார்க்கிறேன் சார்."

"பெட்டியை மாத்திப் பாரு. ஷெட்டுல இருக்கிறதை மாடிக்கு, மாடில இருக்கிறதை ஷெட்டுக்கு. கோளாறு கூடவே போச்சுன்னா பெட்டி. போகலைன்னா வயர். அதுவும் இல்லைன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. பெட்டியைக் கழித்து, வயரைக் கழித்தால், மீதி இருப்பது ஓர் ஆள்தான். குழுவில் அவன் இடத்துக்கு எத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கால் போன டிரம்காரன் என்று ஒரு தடவை பேர் விழுந்தால் போதும்.

மாடியில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை எடுத்தான்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. மரத்துப்போச்சு. உன் பெட்டியைப் பாரு முதல்ல."

"என் பெட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். மைக் முனைகளைப் பிடுங்கிப் மாடிப் பெட்டியில் செருகினாள். பெரிய டிரம்மின் முனையைச் செருகும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கம்பிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷெட்டுப் பெட்டியை மாடியில் மாட்டிவிட்டுத் திரும்பிவந்து உட்கார்ந்ததும் அந்த யோசனை வந்தது. காலை முன்னால் இழுக்க முடியாது. ஆனால் பேஸ் கிட்டாரைப் பின்னால் தள்ளலாம். ஒரு குமிழைத் திருகினால் மொட்டையின் சத்தம் எல்லோருக்கும், அவனுக்கும்கூட, ஒரு மயிரிழை தாமதமாகக் கேட்கும். காலும் பேஸும் சேர்ந்து விழுந்துவிடும். பெட்டிதான் கெட்டிருந்தது என்று சொல்லிவிடலாம். மேடைகளில் அடிபட்ட பழைய பெட்டி ஒன்று கெட்டுப்போவது பெரிய விஷயம் இல்லை. வேறு வாங்கிக்கொள்ளலாம்.

திருகினாள்.

பாட்டு தொடங்கியது. "ஆங், இப்பப் பாரு!" என்று மொட்டை மாடியிலிருந்து கத்தினான். ஸ்டுடியோக்காரர் தலையாட்டினார். அவள் மூச்சை விட்டாள்.

முதல் சரணம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு கால் இன்னும் பின்வாங்கியது. அவள் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள். மொட்டையின் விரல் கம்பியைத் தொடும் நேரமும், சத்தம் அவன் காதுக்கு வரும் நேரமும் இன்னும் விலகின. தன் சத்தம் பிந்துகிறது என்று கேட்டவன் என்ன செய்வான்? முந்துவான். மொட்டை முந்தினான். அவன் முந்தியதும் நாத்தனார் அவனைத் துரத்தினாள். அவள் துரத்தியதும் கணவனின் கைகள் வேகம் பிடித்தன.

கால்தான் பாக்கி.

அவள் குமிழைத் திருப்பினாள், கால் தப்பியது. மறுபடி திருகினாள், மொட்டை ஓடினான். பாட்டு பள்ளத்தில் பிரேக் இல்லாத வண்டிபோல இறங்கியது. அதை இறக்கிவிட்டவள் அவள். திரையின் கீழ் வரிசையில் ஓர் அடி விழவே இல்லை. அடுத்தது பாதியாக விழுந்தது. ஷெட்டில் குச்சி ஒன்று தரையில் உருண்டது.

எல்லாம் நின்றது.

"என்ன அண்ணி நடக்குது?" என்றாள் நாத்தனார். "மூச்சு வாங்குது எனக்கு."

"தங்கச்சி, என் கிட்டார்ல பேய் புகுந்துடுச்சா? நான் ஒண்ணு வாசிக்கிறேன், அது ஒண்ணு பேசுது."

கணவனின் குரல் கடைசியாக வந்தது. மூச்சிரைத்தது. "சொன்னேன்ல. வயர்தான்."

ஸ்டுடியோக்காரர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டு வயர்ல இது சரிப்பட்டு வராதோ என்னமோம்மா. ஹாலையே வச்சுக்கலாம் போலிருக்கு." பையை எடுக்கக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள்.

குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். மாடியை மூடினாள், படுக்கையறையை மூடினாள், அவருடைய ஹெட்போனையும் மூடினாள். ஷெட்டுக்கும் தனக்கும் நடுவில் மட்டும் வழியைத் திறந்து வைத்துக்கொண்டாள். பேசும் பட்டனை அழுத்தி, பின்னால் இருப்பவருக்குக் கேட்காதபடி மைக்கில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"நான் மட்டும்தான் கேட்கிறேன். கையையும் காலையும் சேர்த்து அடி. ஒரே அடி."

தரையிலிருந்து குச்சியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அடி."

அடித்தான். கை விழுந்தது. பிறகு கால் விழுந்தது. நடுவில் இருந்த இடைவெளி யார் காதுக்கும் கேட்கும்.

இன்னொரு தடவை, அவள் கேட்காமலே, அடித்தான். அப்படித்தான் விழுந்தது. மூன்றாவது தடவை ஓங்கி அடித்தான். சத்தம்தான் கூடியது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றான்.

"முதல் பாட்டுலயே."

"அப்புறம் ஏன் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வந்த?"

"நீ ஏன் வயர்னு சொன்ன?"

பின்னால் ஸ்டுடியோக்காரரின் பை ஜிப் மூடும் சத்தம்.

"அவர் கிளம்புறாரு" என்றாள். "நீ வேணாம்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். பெட்டி கெட்டுப்போச்சுன்னு அனுப்பிடறேன்."

அதைச் சொல்லும்போதுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. அனுப்பிவிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு இந்த மேஜையில் அவனோடு உட்கார்ந்து சாப்பிட முடியுமா என்பது வேறு கேள்வி.

ஷெட்டில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு கதவு.

அவன் கூடத்துக்குள் வந்தான். வலது காலை ஊன்றி நடக்கவில்லை, இழுத்து நடந்தான். கையில் பெடல் இருந்தது, டிரம்மிலிருந்து கழற்றியிருந்தான். சத்தம் நின்றுபோனதால் மொட்டையும் நாத்தனாரும் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள்.

"சார், வயர்ல ஒண்ணும் இல்ல" என்றான்.

"அப்ப வேற என்னடா?" என்றான் மொட்டை.

அவன் வாயைத் திறந்தான். அவளைப் பார்த்தான்.

"கால்" என்றாள் அவள்.

"எந்தக் கால்?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் அண்ணனின் காலைப் பார்த்தாள். "ஏண்ணா, டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டணும்."

"காட்டணுமா! இத்தனை நாள் என்ன புடுங்கிட்டிருந்த?" அவள் குரல் உடைந்தது. "அண்ணி, நீங்களாவது..."

"எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

ஸ்டுடியோக்காரர் பையைத் தோளில் மாட்டியபடி நின்றிருந்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"கை நல்லா இருக்கே தம்பி" என்றார் கடைசியில். "நானும் கேட்டேனே."

கணவன் பெடலை மொட்டையின் கையில் கொடுத்தான். "பெடல் பழகுற ரப்பர் தட்டு ஷெட்டுல இருக்கு. எடுத்துட்டுப் போய் மாடில வை."

"எதுக்கு?"

"நீதான் வாசிக்கிற நேரமெல்லாம் தரையை மிதிச்சுக்கிட்டே இருப்பியே. அதுல மிதி."

மொட்டை பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், இது என்னடா கூத்து? கை ஷெட்டுல, கால் மாடிலயா?"

"வயர் இருக்குல்ல" என்றான் கணவன். அவளைப் பார்க்காமல் சொன்னான்.

அவள் எழுந்து ரப்பர் தட்டை எடுத்துவந்தாள். மாடிப் பெட்டியில் அந்தத் தட்டின் முனையைச் செருகினாள். பெடலை மிதித்து அது தட்டில் பட்டால் பெரிய டிரம்மின் சத்தம் வருவதுபோல மிக்ஸரில் வைத்தாள். ஷெட்டில் அவன் பெரிய டிரம்மின் மைக்கை மூடினாள். மூடும்போது விரல் ஒரு கணம் நின்றது, பிறகு அழுத்தியது. ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கணவன்தான் எண்ணினான். நான்கு எண்ணி முடித்தும் கை விழவில்லை. எல்லோரும் அவரவர் அறையில் காத்திருந்தார்கள். மறுபடி எண்ணினான்.

கை விழுந்தது. அதே கணத்தில் மாடியிலிருந்து கால் விழுந்தது.

பாட்டு முடியும்வரை அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் மொட்டையின் கால் தடுமாறியது, கை பொறுத்துக்கொண்டது. வயர் ஒரு பொட்டுச் சத்தம்கூடப் போடவில்லை.

கடைசி அடி அடங்கியது. ஸ்டுடியோக்காரர் அவள் தோளுக்கு மேலே எட்டி, திரையில் எழுந்து நின்ற கோடுகளைப் பார்த்தார். "முதல்ல என் வீட்டுக்கு வயரை இழும்மா" என்றார்.

அவள் தலையாட்டினாள். அவள் காது ஷெட்டின் மைக்கில்தான் இருந்தது. அங்கே ஸ்டூல் நகர்ந்தது. கணவன் தொண்டையைச் செருமினான்.

"இன்னொரு தடவை போகலாம்" என்றான். "என் கால் முந்துது. அந்த மொட்டையைக் கொஞ்சம் புடிச்சு வாசிக்கச் சொல்லு."