துப்பாமல் விழுங்கிய தேத்தண்ணி

இந்தக் காலத்து ஆக்களுக்கு ஒரு சாமான் அந்தச் சாமானாகவே இருந்தால் பிடிப்பதில்லை. கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தில் தேசிக்காய் மணக்கிறது. தேசிக்காய்த் தண்ணி கேட்டால் பைக்கற்றை வெட்டித் தூளைக் கரைத்துத் தருகிறார்கள். மனிசரும் அப்படித்தான் ஆகிவிட்டார்கள். உள்ளே ஒன்று, மேலே பூசின வாசம் ஒன்று. எதைக் கேட்டாலும் "நல்லம்" என்பார்கள். கறி நல்லம், மாப்பிள்ளை நல்லம், மௌலவியுடைய பயான் பேச்சு நல்லம். வெளியே போய்ப் படலையைச் சாத்தின பிறகுதான் உண்மை வாயில் வரும்.

நான் அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாக்குக்குப் பூச்சுப் பூச எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. போன பெருநாளைக்குச் சம்மந்தி வீட்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, இது வட்டிலப்பம் இல்லை, சவர்க்காரம் என்று சொன்னேன். இன்றுவரைக்கும் அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டார்கள், சொன்னேன். அதிலே என் குற்றம் என்ன?

எனக்கு மாம்புரியில் ஒரு மிளகாய்த் தோட்டம். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டினபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து, இந்த மணலில் நான் முதலில் தோண்டியது கிணறு; வீடு பிறகுதான். அந்தக் கிணற்றில் குடித்துத்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்போது ஊரெல்லாம் வடிகட்டின தண்ணியைக் காசு கொடுத்து வாங்குகிறது. எங்கள் குசினியிலும் பெரிய போத்தல் ஒன்று தலைகீழாக நிற்கிறது. மருமகள் றிஸானாவின் வேலை. அவள் அதில்தான் சமைப்பாள், அதைத்தான் குடிப்பாள். நான் என் தேத்தண்ணியைக் கிணற்றுத் தண்ணியில் நானே ஊற்றிக் குடிப்பேன். விடிய மீன் விற்றுவிட்டு வருகிற பஸ்தியானும் அதைத்தான் குடிப்பான். பக்கத்து வளவுக்காரன், மாதா கோயில் வேதக்காரன், எனக்குக் கூட்டாளி; அவனும் பெண்சாதியும் என்னை அண்ணன் முறையில் நானா என்பார்கள். அவனுக்குச் சீனி ஆசை. உள்ளங்கை நிறையச் சீனி வாங்கி, நக்கி நக்கித்தான் பிளேன்டீயை இறக்குவான். உனக்குச் சீனி வருத்தம் வரப்போகுது என்று அவனுடைய பெண்சாதி யூஜீனியா ஏசுவாள். கேட்கமாட்டான்.

அப்படியிருக்க, றிஸானாவுக்கு வாசத் தேயிலை யோசனை வந்தது. கற்பிட்டிக் கடலில் பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுபடுகிற வெள்ளைக்காரருக்கு ஓலையால் வேய்ந்த ஹோட்டல்கள் இருக்கின்றன. ஓலை வீட்டை விட்டு வெளியே வர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அதற்குள் படுக்க அவர்கள் டொலர் கட்டுகிறார்கள். அந்த ஹோட்டல் ஒன்று வாசத் தேயிலை தேடியது. கொழும்பில் இருந்து ஐந்து விதத் தேயிலையைத் தகரப் பேணிகளில் எடுப்பித்தாள் றிஸானா. றோசாப்பூ, ஸ்ட்ரோபெரி, வனிலா, மின்ட், கறுவாப்பட்டையும் தோடம்பழத் தோலும் சேர்ந்தது ஒன்று. ஐந்தில் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஹோட்டல்காரிக்கு ஊற்றிக் கொடுக்கவேண்டும். அவளுக்குப் பிடித்தால், அந்த ஹோட்டலுக்குத் தேயிலையை றிஸானாவே கொடுக்கலாம். கொண்டுபோய்ப் போடுகிற வேலைக்கு என் மகன் மிஹ்லார் கட்டாரில் லொறி ஓட்டுவதை விட்டுவிட்டு வந்துவிடலாம். அவனுடைய ஒப்பந்தம் முடியப்போகிறது. இது சரிவராவிட்டால் மறுபடியும் கையெழுத்துப் போடுவான். இந்தக் கதை முழுக்க அதற்காகத்தான். எனக்குத் தேயிலையில் நம்பிக்கை இல்லை. மகன் வரவேண்டும் என்பதில் உண்டு.

ஹோட்டல்காரி அன்றைக்கே பின்னேரம் வருகிறாள் என்று காலையில்தான் கோல் வந்தது. றிஸானாவோ றமழானில் விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்கிற கழா நோன்பில் இருந்தாள். அதை நடுவில் முறிக்க முடியாது. அவள் குடித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே லுஹர் தொழுகைக்குப் பிறகு வரச்சொல்லிப் பஸ்தியானையும் யூஜீனியாவையும், ஓய்வுபெற்ற றஸ்மி மாஸ்டரையும் கூப்பிட்டிருந்தாள்.

"நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்பினா நோன்பு முறியாது எண்டு செல்லுவாங்க மகள்" என்றார் மாஸ்டர்.

"இந்த வெயிலில நாக்கு நுனியில பட்டா நான் கோப்பையோட விழுங்கிருவன் மாஸ்டர். நீங்களே பாருங்க."

அவர்கள் வருமுன், லுஹர் தொழப் போகும்போதே அவள் என்னிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள்.

"மாமா, கேத்தலில தண்ணிய நிரப்பி சுவிச்சப் போடுங்க. மற்றது, இண்டைக்கு நீங்க வாயத் திறக்கப்படாது. வட்டிலப்பம் ஞாபகம் இரிக்கிதானே."

தலைகீழ்ப் போத்தலைப் பார்த்தேன். ஐந்து தேயிலைக்கு அரைப் போத்தல் போய்விடும். பக்கத்தில் நான் விடிய இறைத்து வைத்த வாளி நிறையக் கிணற்றுத் தண்ணி. கொதித்தால் எல்லாத் தண்ணியும் ஒன்றுதான். வாளியிலிருந்து நிரப்பினேன். சுவிச்சைப் போட்டேன்.

மேசைக்கு ஐந்து தேத்தண்ணியும் வந்தன. நடுவில் றிஸானா ஒரு பேசின் பாத்திரத்தை வைத்தாள்.

"இது என்னத்துக்கு?" என்றாள் யூஜீனியா.

"ருசி பாத்திட்டுத் துப்புறதுக்கு அன்ரி. ஃபோனில பாத்தன், அப்பிடித்தான் செய்யிறாங்க."

"வெத்திலையோட துப்பச் சொன்னா இவளை விட ஆளில்ல" என்றான் பஸ்தியான். "ஆனா வீட்டுக்குக் கூப்பிட்டுத் தந்த தேத்தண்ணியத் துப்புறதே புள்ள? கையில கொஞ்சம் சீனி தா."

"சீனி இல்ல அங்கிள். சீனி போட்டாத் தேயிலையிட ருசி தெரியாது."

வலையில்லாமல் கடலுக்குப் போகச் சொன்னதுபோல அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

முதற் கோப்பை றோசாப்பூ. பஸ்தியான் ஒரு மிடறு குடித்தான். அவனுடைய தொண்டைக் குமிழ் பாதியில் நின்று, யோசித்து, பிறகு கீழே இறங்கியது.

"நல்லம்" என்றான்.

"நல்லம் புள்ள. நல்ல வாசம்" என்றாள் யூஜீனியா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மாஸ்டர் பேணியை எடுத்து மூக்குக்கண்ணாடியை ஏற்றினார். பேணியில் எழுதியிருப்பதைத்தான் அவருடைய நாக்கு வாசிக்கும். "டமாஸ்கஸ் றோஸ். ஓம், டமாஸ்கஸ் தெரியிது." மனிசன் அநுராதபுரத்துக்கு அங்கால் போனதில்லை.

ஸ்ட்ரோபெரியும் நல்லம். வனிலாவும் நல்லம். மின்டும் நல்லம். கறுவாவுக்கு வரும்போது மூன்று பேருடைய முகமும் மருந்து குடித்த முகம். வாய் மட்டும் நல்லம். பேசினில் ஒரு சொட்டு விழவில்லை.

"எது நல்லம்?" என்று கேட்டாள் றிஸானா.

"எல்லாம் நல்லம்."

"எல்லாம் நல்லம் எண்டா நான் எத ஊத்துற? ஒரு குறையாச்சும் செல்லுங்களன். என்ன நெனைச்சாலும் கோவிக்கமாட்டன்."

"குறை எண்டு..." யூஜீனியா பஸ்தியானைப் பார்த்தாள். பஸ்தியான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தான். "குறை ஒண்டும் இல்ல புள்ள."

பிள்ளை பாவம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. கடைசியில் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களாச்சும் செல்லுங்க."

நான் ஐந்தையும் குடித்துப் பார்த்தேன். "ஒண்டும் தேத்தண்ணி இல்ல" என்றேன்.

"ஒண்டும்?"

"அஞ்சும்."

பெருமூச்சு விட்டாள். எல்லாம் நல்லம் என்கிற மூன்று பேர், எல்லாம் கூடாது என்கிற ஒரு ஆள். அதை வைத்து அந்தப் பிள்ளை என்னத்தைத் தீர்மானிக்கும்? எந்தப் பேணியை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும்போதே வாசலில் வேன் வந்து நின்றது.

ஹோட்டல்காரியின் பெயர் டெனிஷா. சிலாபத்துப் பிள்ளை. பாதிக் கதை தமிழ், பாதிக் கதை சிங்களம். கதிரையில் இருக்குமுன்பே மேசையைக் கண்டுவிட்டாள்.

"ஆ, எல்லாம் ரெடியா இருக்கே. நானே பாக்கிறன் அக்கா."

கரண்டியில் எடுத்து ஸ்ஸ்ர் என்று பெரிய சத்தத்தோடு உறிஞ்சினாள். எங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி உறிஞ்சியிருந்தால் உம்மாமார் கன்னத்தில் போட்டிருப்பார்கள். உறிஞ்சினவள் பேசினை இழுத்துத் துப்பினாள். யூஜீனியா நெஞ்சில் கை வைத்தாள்.

"அனே அக்கா, இதுல உப்பு."

இரண்டாவதை உறிஞ்சித் துப்பினாள். "இதுலயும் உப்பு." மூன்றாவதற்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

றிஸானாவின் முகத்தில் இரத்தம் இல்லை. மற்றவர்களைப் பார்த்தாள். "அன்ரி, உப்பா இருந்துதா?"

யூஜீனியா முந்தானையை இழுத்து விரலில் சுற்றினாள். "கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா?"

"களப்புக் கடல்தண்ணி மாதிரி."

"அப்ப ஏன் செல்லேல்ல?"

"தேத்தண்ணி தந்த வீட்டில அத எப்பிடிப் புள்ள சொல்லுற?"

"நான் நினைச்சன், அது ஸீ ஸோல்ட் போட்ட தேயிலை எண்டு. இப்ப அப்பிடியும் வருதுதானே" என்றார் மாஸ்டர்.

றிஸானா மெதுவாக என்னைப் பார்த்தாள். "மாமா, என்ன தண்ணி வச்சீங்க?"

"கிணத்துத் தண்ணி. என்ன அதுக்கு? நான் தினம் குடிக்கிறதானே."

அவள் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாள். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். டெனிஷா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "எனக்கு இன்னும் ரெண்டு இடம் பாக்க இருக்கு அக்கா. பிறகு ஒரு நாளைக்கு..." பிறகு ஒரு நாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மிஹ்லார் விமான நிலையத்தில் திரும்பிப் பார்க்காமல் போகிற முதுகும் எனக்குத் தெரியும்.

கேத்தலை எடுத்துப்போய் முற்றத்தில் கவிழ்த்தேன். போத்தலடியில் பிடித்து நிரப்பினேன். என் கிணற்றுத் தண்ணி கூடாதது என்பதற்காக இல்லை. "இரு மகள். கொதிக்கிற நேரம்தான்" என்றேன் டெனிஷாவுக்கு. கிழவன் சொன்னால் எழும்பிப் போக அந்தப் பிள்ளைக்கு மனம் வரவில்லை. இருந்தாள்.

மறுபடியும் ஊற்றுமுன் றிஸானா மேசையைப் பார்த்துச் சொன்னாள், "இந்த முறை நல்லம் எண்டு செல்லுற ஆளுக்கு இந்த வீட்டில இனித் தேத்தண்ணி இல்ல."

யூஜீனியாதான் முதலில் றோசாப்பூவை உறிஞ்சினாள், பேசினை இழுத்தாள், வெற்றிலை போட்ட வாயால் குறி தவறாமல் துப்பினாள்.

"செத்த வீட்டுப் பன்னீர்" என்றாள். "பெட்டிய மூடுற நேரம் தெளிக்கிறது."

டெனிஷா சிரித்துவிட்டாள். அதோடு மடை உடைந்தது.

"இது பேரனுக்குக் காய்ச்சலுக்குக் குடுக்கிற பாணி மருந்து" என்றான் பஸ்தியான் ஸ்ட்ரோபெரியைத் துப்பி. "அவனும் இப்பிடித்தான் துப்புவான். இண்டைக்குத்தான் விளங்குது, பாவம் அந்தப் பொடியன்."

"அங்கிள், அது கொஞ்சம் மெல்லமாச் செல்லலாமே" என்றாள் றிஸானா.

"நீதானே புள்ள நல்லம் சொல்லாத எண்டனி."

வனிலாவுக்கு மாஸ்டர் பேணியை வாசிக்காமலே துப்பினார். "பக்கத்து வீட்டில கேக் வேகக்குள்ள நம்மட வீட்டில இருந்து தேத்தண்ணி குடிக்கிற மாதிரி. கேக்கும் இல்ல, தேத்தண்ணியும் இல்ல." மின்டைப் பற்றி, பல் விளக்கின வாயைக் கொப்பளிக்காமல் வந்ததுபோல என்று யூஜீனியா சொன்னாள். பேசின் நிறைந்துகொண்டு வந்தது. அந்த மூன்று பேரையும் அவ்வளவு சந்தோஷமாக நான் கண்டதில்லை.

ஐந்தாவது கறுவா. உறிஞ்சினார்கள். பேசினை ஒருவரும் இழுக்கவில்லை. பஸ்தியான் கரண்டியை வைத்துவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்தான். மிச்சத்தையும் குடித்தான். பிறகு கோப்பையை றிஸானா பக்கம் தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா புள்ள?"

"சீனி வேணாமா?" என்றாள் டெனிஷா.

"தேவைப்படேல்ல."

டெனிஷா அந்தக் கோப்பையையும் பேசினையும் மாறி மாறிப் பார்த்தாள். தானும் ஒரு கரண்டி உறிஞ்சி விழுங்கினாள். "இவங்க துப்பாதது இது ஒண்டுதான். இதத் தாங்க அக்கா. முதல்ல ஒரு மாசத்துக்குப் போட்டுப் பாப்பம். சீசனுக்கு ஆக்கள் கூடினாக் கூட எடுக்கலாம்."

றிஸானா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேணியைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த பேணி. நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மகனுக்கு அவளே சொல்லட்டும்.

அத்தோடு எழும்பியிருந்தால் நல்லது. உண்மை சொல்லிப் பழகாத வாய்க்கு அது கள்ளுப் போல. எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

"பாத்தியே, நல்ல தண்ணியில ஊத்தினா எவ்வளவு வித்தியாசம்" என்றாள் யூஜீனியா. "இத்தின வரியமா நானாட தேத்தண்ணியக் குடிச்சுக் குடிச்சு இந்த மனிசன்..."

பஸ்தியான் மேசைக்குக் கீழே அவளை உதைத்தான். மேசை ஆடியது.

"இத்தின வரியமா என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்ல நானா."

"பஸ்தியான், செல்லு."

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். தினமும் விடிய நான் சீனி கொட்டுகிற உள்ளங்கை.

"சீனி போட்டாத் தெரியாது நானா" என்றான்.

நான் எழும்பினேன். இன்னொரு வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். இறைத்தேன். கையில் ஏந்திக் குடித்தேன். இன்னொரு கை குடித்தேன். வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, அந்தப் பிள்ளை செய்ததுபோல உறிஞ்சியும் பார்த்தேன். உப்பு இல்லை. தண்ணி தண்ணியாகத்தான் இருந்தது.

பின்னால் பஸ்தியான் வந்து நின்றான். "நானா, நாளைக்கு விடிய வாரன்."

"போத்தல் தண்ணி ஊத்தமாட்டன்."

"வேணாம். சீனிய மட்டும் கொஞ்சம் கூட வையுங்க."

முப்பது வருஷத்துக்கு மேல் ஒருவன் நல்லம் என்று சொல்லிக் குடித்தான். இன்றைக்கு ஹோட்டல் பெட்டை ஒருத்தி வந்து துப்பினவுடன் உப்பு என்கிறான். அன்றைக்குச் சொன்னது பொய்யென்றால் இன்றைக்குச் சொல்வதை மட்டும் நான் எதற்கு நம்பவேண்டும்?

வாளியைத் தூக்கிக்கொண்டு மிளகாய்ப் பாத்திக்கு நடந்தேன். செடி முகத்துக்காகக் கதைக்காது. தண்ணியில் உப்பிருந்தால் காட்டிவிடும். குனிந்து பார்த்தேன். இலையெல்லாம் பச்சையாகத்தான் நின்றது. நுனியில் மட்டும் கொஞ்சம் கருகியிருந்தது.

அது வெயில். ஊற்றிவிட்டு அடுத்த பாத்திக்குப் போனேன்.