ஐம்பத்தெட்டு அங்குலம்

பாஸ்கரன் நாலே முக்காலுக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர் அடித்தான். ஒரு குடம் போதும். வீட்டில் இரண்டு குடம் இருந்ததால் இரண்டையும் நிரப்பினான். பால் கார்டோடு போய் அரை லிட்டர் பாக்கெட் வாங்கி வந்தான். காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சவரம் செய்தான். நேற்றைய சோற்றில் மோர் ஊற்றி டப்பாவில் அடைத்தான். ஆறு ஐம்பதுக்குப் பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினான். ஏழரைக்கு ஆவடித் தொழிற்சாலை வாசலில் நின்றான். ஏழு மாதமாக இதில் ஒன்றும் மாறவில்லை.

உள்ளறைக்குள் போகாமலே இவ்வளவையும் செய்துவிட முடியும். உள்ளறையில் கட்டில் இருந்தது.

சுசீலா இறந்து ஏழு மாதம். மஞ்சள் காமாலை, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அவளுக்கு இருபத்தாறு வயது. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் அம்மா தாயம்மாள் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "'அவரைத் தனியா விட்டுடாதேம்மா'ன்னு சொல்லிட்டுதான் என் பொண்ணு கண்ணை மூடினா." பாஸ்கரன் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் தாயம்மாள் கீழே வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டான்.

இந்த ஏழாம் மாதத்தில் ஒரு நாள், அலுவலகத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கிய உத்தரவு மேசைமேல் கிடந்தது. கல்யாணமான வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதிப் போட்ட விண்ணப்பம். பத்து நாளைக்குள் குடிபோகாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும். மண்ணூர்பேட்டை வீட்டையும் அந்த மாதம் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்கார அங்கம்மாவின் மகனுக்குக் கல்யாணம். இந்தப் போர்ஷன் அவனுக்கு.

பாத்திரம் பண்டமெல்லாம் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் அடங்கிவிடும். கட்டில்தான் அடங்காது. அது அறைக்குள்ளேயே செய்தது. ஆறரை அடி நீளம், ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். கதவு இரண்டரை அடி. பக்கவாட்டில் நிமிர்த்திக் கொண்டுபோகலாமென்றால், கதவைத் தாண்டி மூன்றடியில் எதிர்ச்சுவர். ஆறரை அடி அங்கே திரும்பாது.

அதைச் செய்தவள் சுசீலா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தாள். இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைகிற வேலை. அவள் பார்த்துத் தலையாட்டாத படத்தை ஃபோர்மன் லேத்தில் ஏற்ற விடமாட்டார். அரை மில்லிமீட்டர் பிசகு அவள் கண்ணுக்கு, சோற்றில் கல்லைப் போலத் தட்டுப்படும். வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வந்த பெரிய மரப்பெட்டிகளைக் கம்பெனியில் உடைத்துப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி, மூன்று நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆணி பிடுங்கினாள், அறுத்தாள், இரவல் இழைப்புளியால் இழைத்தாள். பாஸ்கரன் சுருள் சுருளாக விழுந்த மரச் சீவலைக் கூட்டி வாரினான். அவனுக்குத் தெரிந்த தச்சு அவ்வளவுதான்.

"இன்னா சுசீலா, மேடை கட்டுறியே, எலக்சன்ல நிக்கப் போறியா?" என்பாள் அங்கம்மா, வாசலில் நின்று.

"நின்னா உங்க ஓட்டு எனக்குத்தானே அக்கா?"

"அதெப்படி? இன்னா சின்னம்னு சொல்லு மொதல்ல."

"இழைப்புளி."

அன்றிலிருந்து அந்தக் கட்டிலுக்கு ஐந்து போர்ஷனிலும் மேடை என்றே பெயர்.

பலகையெல்லாம் தயாரான சமயத்தில் பாஸ்கரனை மூன்று வாரப் பயிற்சிக்கு ஜபல்பூர் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கட்டில் நின்றது. பெட்டியில் வந்த மரம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஓர் ஆணித் தலைகூட வெளியே தெரியவில்லை. கையால் தடவினால் எங்கும் இடறவில்லை. பாஸ்கரன் வியந்துதான் போனான். ஆனால் வாயில் வந்தது வேறு. ஐந்தடி மெத்தையை விரித்தபோது இரு பக்கமும் ஓர் அங்குலம் வெளியே தொங்கியது. டேப்பை வைத்துப் பார்த்தான். ஐம்பத்தெட்டு அங்குலம்.

"ரெண்டு அங்குலம் போச்சே, டிராஃப்ட்ஸ்மேன் அம்மா. யார் செக் பண்ணாங்க?"

"நீங்க ஏறிப் படுங்க. ஆடுதான்னு மட்டும் சொல்லுங்க."

படுத்தான். புரண்டான். எழுந்து உட்கார்ந்து குதித்துக்கூடப் பார்த்தான். ஆடவில்லை, முனகவும் இல்லை. அப்புறம் யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த இரண்டு அங்குலக் கதையைச் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடச் சிரிப்பாள்.

உத்தரவு வந்த அன்று மாலை அங்கம்மா வந்து உள்ளறையை எட்டிப் பார்த்தாள். "கரையான்சாவடில தஸ்தகீர் பாய்னு ஒருத்தர் கீறாரு. பழைய சாமான் வாங்கி விக்கிறவரு, ஆசாரி வேலையும் தெரியும். நடுவால அறுத்து எடுத்துகினு போய் அங்க பட்டை வெச்சு ஜாயின் பண்ணிக் குடுப்பாரு. சொல்லட்டா?"

"சரி," என்றான் பாஸ்கரன். இந்த ஏழு மாதத்தில் யார் என்ன சொன்னாலும் அவன் சொன்னது அதைத்தான்.

அவள் போன பிறகு அறைக்குள் போனான். கதவை அளந்தான். முப்பது. கட்டிலை அளந்தான். ஐம்பத்தெட்டு. மறுபடியும் கதவை அளந்தான். தினம் மாலை வேலையிலிருந்து வந்ததும் இப்படி அளந்தான். முப்பது முப்பதாகவே இருந்தது. அவள் கையால் இழைத்த பலகைமேல் ரம்பம் வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்வது, சொல்லிவிட்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஞாயிறு காலை தஸ்தகீர் மீன்பாடி வண்டியோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் ரம்பம், வாயில் வெற்றிலை. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பலகையை விரலால் தட்டினார்.

"நல்ல மரம் சார். ஏன் அறுக்கணும்னு கீது."

"வேற வழி?"

"இல்லதான். ஆணி எங்கெங்க கீதுன்னு பாத்துக்கறேன். தெரியாம வெச்சா ரம்பம் பல்லு பூடும்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்துத் தலையைக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தார். நேரம் போனது. வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. ஆடிக்கொண்டிருந்த ஒரு கால் சட்டென்று நின்றது.

"சார்."

"சொல்லுங்க."

"நீங்களும் வந்து படுங்க."

"எதுக்கு?"

"படுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

பாஸ்கரன் படுத்தான். குனிந்து கூட்டியிருக்கிறானே தவிர, கட்டிலின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்த்தது கிடையாது. தஸ்தகீர் டார்ச்சை மெல்ல நகர்த்தினார். ஆணி ஒன்றுகூட இல்லை. முழுக்க போல்ட்டும் நட்டும். ஒவ்வொரு இணைப்பின் பக்கத்திலும் கறுப்பு மையில் எழுத்து. படத்தில் எழுதுகிற அதே எழுத்து, நெட்டுக்குத்தாக, ஒரே உயரத்தில். தலை 1. தலை 2. கால் 1. கால் 2. நடுச்சட்டத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'முதலில் இது'. அதன் பக்கத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு ஸ்பேனர்.

"வாஷருக்குக் கீழ பாருங்க. சைக்கிள் டியூப்பை வட்டமா வெட்டி வெச்சிருக்கு. சத்தம் வராம இருக்கறதுக்கு. நான் இத்தினி கட்டில் பிரிச்சிருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு கண்ணுல பட்டதில்ல. யார் சார் செஞ்சது?"

"என் மனைவி."

"ஆசாரி ஊட்டுப் பொண்ணா?"

"இல்லை. டிராஃப்ட்ஸ்மேன்."

தஸ்தகீர் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு என்ன ஆயிற்று என்று அங்கம்மா முன்பே சொல்லியிருக்க வேண்டும். டார்ச்சை இன்னும் தள்ளி, இரண்டு பலகைகள் சேரும் நடுக்கோட்டில் நிறுத்தினார். "இது இன்னா கணக்கு சார்? இது மட்டும் எனக்குப் புரியல."

கோட்டின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: கதவு 30. பலகை 29.

பாஸ்கரனுக்குப் புரிந்தது. மேல்பலகை ஒன்றல்ல, இரண்டு. ஒவ்வொன்றும் இருபத்தொன்பது அங்குலம். நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு விரல் இடம் விட்டுக் கதவைத் தாண்டும். இரண்டையும் சேர்த்தால் ஐம்பத்தெட்டு. விருந்தாளிகள் முன்னால் அவன் சொல்லிச் சிரித்த இரண்டு அங்குலம்.

குவார்ட்டர்ஸ் வரும் என்று அவனைவிட அவள் அதிகமாக நம்பியிருக்கிறாள். கட்டிலைப் போடும் முன்பே அதை எடுத்துப்போகிற நாளை யோசித்திருக்கிறாள். அவன் கேலி செய்தபோதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உத்தரவு வருகிற அன்று சொல்லி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பாள். அப்படிப்பட்டவள்தான்.

"ரம்பத்துக்கு வேலை இல்ல," என்று தஸ்தகீர் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "நீங்களே கழட்டுங்க சார். எழுதித்தான் கீதே."

இருபத்திரண்டு நட்டு. எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. கழற்றுகிறவன் கைக்குப் பழக்கமில்லை என்று தெரிந்தே எண்ணெய் தடவி வைத்ததைப் போல வந்தன. ஏழு துண்டுகள். அங்கம்மா வாசலில் நின்று பார்த்தாள். முதல் பலகை கதவைத் தாண்டியபோது, "ஒரசலயே," என்றாள். இரண்டாவது தாண்டும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தஸ்தகீர் ஆவடி குவார்ட்டர்ஸ் வரை வந்தார். துண்டுகளை அறையில் சுவரோரமாக அடுக்கினார். கூலியைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, வாசல்வரை போனவர் திரும்பி வந்து, நடுச்சட்டத்தில் இருந்த எழுத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் இறங்குவதற்குள் பாஸ்கரன் கட்டிலைப் பூட்டிவிட்டான். தலை 1 தலை 1-க்கு. கால் 2 கால் 2-க்கு. தப்பாகப் பூட்ட முயன்றாலும் துளைகள் சேரவில்லை. அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஸ்பேனரைப் பழையபடி நடுச்சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டான். மெத்தையை விரித்தான். இரு பக்கமும் ஓர் அங்குலம் தொங்கியது.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஏறிப் படுத்தான்.

ஆடியது.

எழுந்து எல்லா நட்டையும் மறுபடியும் முடுக்கினான். ஆடியது. பிறகு தரையைப் பார்த்தான். குவார்ட்டர்ஸின் பழைய சிமெண்டுத் தரை சன்னல் பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. குற்றம் கட்டிலில் இல்லை. சோப்பு அட்டை ஒன்றைக் கிழித்து நாலாக மடித்து, மண்டியிட்டு, சன்னல் பக்கத்துக் காலுக்கு அடியில் செருகினான். கையால் அழுத்திப் பார்த்தான். ஆட்டம் நின்றது.

அவன் எழுந்திருக்கவில்லை. இப்படி ஒருமுறை ஏற்கெனவே மண்டியிட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில், பதினோராம் நாள் மத்தியானம். வார்டின் இரும்புக் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்துச் சீட்டு அட்டையை மடித்துக்கொண்டு. வேலையை முடித்து நிமிர்ந்தபோது அவள் கண் மூடியிருந்தது. தூங்குகிறாள் என்று நினைத்தான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. தாயம்மாள் சொல்வதை அவள் சொல்லவே இல்லை. அவன் மண்டியிடுவதற்குச் சற்று முன்னால், மஞ்சள் பூத்த கண்ணைத் திறந்து, அரை மில்லிமீட்டர் பிசகைப் பார்க்கிற முகத்தோடு, அவனிடம் சொன்னது இவ்வளவுதான்:

"இந்தக் கட்டில் ஆடுதுங்க. ஒரு அட்டையை மடிச்சு அந்தக் கால்ல வைங்க."