ஒதுங்கும் கண்

"மாறுகண்ணு யோகம்டி" என்று சொல்லித்தான் தையல்காரியை அவள் அக்கா அந்த மாறுகண்காரனுக்குக் கட்டிவைத்தாள். அந்த யோகத்தை அவள் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டாள். புருஷனுக்குக் கோபம் தலைக்கேறினால் இடது கண் மெல்லச் சுவர்ப் பக்கம் ஒதுங்கும். அடுத்து அடி விழும். அதற்குள் அவள் கத்தரிக்கோலை ஒளித்து, மகனை உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிம்மதியாக மூச்சுவிட்டாள். மகனும் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான்.

"பைக் சாவி எங்கம்மா?" என்றான் இன்று.

"மழை கொட்டுதுடா. நாளைக்குப் போயேன்."

 இதுவரை நேராகவே இருந்த அவன் இடது கண் மெல்லச் சுவர்ப் பக்கம் ஒதுங்கியது.

 அவள் கத்தரிக்கோலைத் துணிக் குவியலுக்குள் ஒளித்தாள். மகனை உள்ளறைக்குள் தள்ளக் கையை நீட்டியபோதுதான், எதிரே நிற்பவனே அவன்தான் என்று உறைத்தது.