காத்திருப்பவளின் முழங்கால்

"இன்னும் கொஞ்சம் மண் வை. இது என்ன முழங்காலா, உருளைக்கிழங்கா?"

கட்டிலோரம் மண்டியிட்டிருந்த மகள் விரல்களை நனைத்துக்கொண்டாள். பலகையின் மேல் இருந்தது பேருந்து நிலையத்துக்காக அப்பா செய்த மாதிரிச் சிலை. மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு பெண். அப்பாவால் கையைத் தூக்க முடியவில்லை. மூக்கில் குழாய். பேச்சு மட்டும் குறையவில்லை.

மதியம் தேர்வுக்குழுவிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் சொன்னார். இந்த முறையும் இல்லை. வெண்கலத்தின் சிலையை எடுத்திருக்கிறார்கள். வெண்கலம் என்பது அப்பா தன் போட்டியாளருக்கு வைத்த பெயர். சமையலறைச் சுவரைப் பார்த்தபடி மகள் சற்று நேரம் நின்றாள். இன்னொரு தோல்வியோடு இவர் போகக் கூடாது என்று நினைத்தாள். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு அறைக்குள் வந்தாள்.

"உங்க சிலையைத்தான் எடுத்திருக்காங்கப்பா."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா சிரிக்கவில்லை.

"ஐயையோ, முழங்கால் தப்பா இருக்கே" என்றார்.

தோற்பது எப்படி என்று அவருக்குத் தெரியும். செய்தி வந்ததும் மாதிரியைத் தலையிலிருந்து உடைத்து, மண்ணை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். பிறகு டீ கேட்பார். குடித்துவிட்டுப் படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார். அடுத்த போட்டிக்கும் அதே மண்தான். "இந்த வாளியில எத்தனை தலைவருங்க கரைஞ்சு கெடக்காங்களோ" என்பாள் அம்மா. அப்பாவே அதற்குச் சிரிப்பார்.

ஜெயித்தால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் பழக்கம் எதுவும் இல்லை.

"நாம அனுப்புன படத்துல தெரியாது. பெருசாக்குனா மூட்டை சரியுற மாதிரி இருக்கும். வர்ற போற பிள்ளைங்கல்லாம் அது மேலதான் ஏறும்" என்றார்.

"அப்புறம் பாத்துக்கலாம்ப்பா. கொஞ்சம் தூங்குங்க."

"தூங்குறதா? நாளைக்கு மாதிரியை எடுக்க வந்து நிப்பாங்க. உள்பக்கம் அழுத்து. மெதுவா. எலும்பு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு அழுத்து."

அவள் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவள். மண்ணைத் தொட்டதே இல்லை. ஒட்டியதை வழித்தாள். வழித்ததை மறுபடி ஒட்டினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு மூச்சு இழுத்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த நிமிடமே நிம்மதியாகத் தூங்கிவிடுவார் என்று தோன்றியது. வாசலில் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல வருடங்களாகக் காணாத ஒரு முகத்தோடு நின்றாள். மகள் மறுபடி விரல்களை நனைத்தாள்.

"இன்னும் உள்ள" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "அதில்ல" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். அம்மா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

மறுநாள் காலை வீடு நிறைந்துவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா சொன்னாள்: "ஜெயிச்சிட்டுத்தான் போனாரு. சந்தோஷத்துல கண்ணே மூடல."

வெண்கலம் வெள்ளைச் சட்டையில் வந்தார். அப்பாவின் காலருகே வெகுநேரம் நின்றார்.

"கடைசியில உங்களையும் தோக்கடிச்சிட்டாரு, தம்பி" என்றாள் அம்மா.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். வெண்கலம் அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஆமாக்கா. அண்ணன் வேலைதான் வேலை."

"பஸ் ஸ்டாண்டுல சிலையை வெச்சதும் நான் போய்ப் பக்கத்துல உக்காரணும். கூட்டிட்டுப் போவீங்கல்ல?"

"சரிக்கா."

அம்மா நகர்ந்த பின் அவர் மாதிரியின் முன் குனிந்தார்.

"முழங்காலை யாரு தொட்டது, பாப்பா?"

"நான்தான். அப்பா சொல்லச் சொல்ல."

"தோத்தா மறுநாள் எனக்குப் போன் போடுவாரு. 'நல்லாத் தூங்குனேன்யா, நீ தூங்குனியா'ன்னு கேப்பாரு." அவர் முழங்காலைப் பார்த்தார். "முன்னாடி சரியாத்தான் இருந்திருக்கும்."



வண்டி வந்து நின்றது. தூக்குபவர்கள் உள்ளே வந்து இடம் போதாமல் தடுமாறினார்கள். "அந்தப் பலகையை யாராவது எடுங்கப்பா" என்றது ஒரு குரல். அருகில் இருந்த வெண்கலம்தான் எடுத்தார். அப்பாவைத் தலைப்பக்கமாகத் திருப்பி, வாசலில் இடிக்காமல் வெளியே கொண்டுபோனார்கள். எல்லாரும் பின்னால் போனார்கள்.

வெண்கலம் மட்டும் சிலையோடு சுவரில் ஒட்டி நின்று வழிவிட்டார். எங்கே வைப்பதென்று யாரும் சொல்லவில்லை. காயாத மண் அவர் சட்டையில் அப்பிக்கொண்டிருந்தது.