மீசையில்லாத தெள்ளு

பயம் வந்தால் நான் படம் வரைவேன். சின்ன வயதில் ஒரு மரவட்டையைக் கண்டு அலறிக்கொண்டே அதன் கால்களை எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடிப்பதற்குள் பயம் போய்விட்டது. அன்றிலிருந்து பூரான், தேள், குளவி என்று என்னைப் பயமுறுத்தியதையெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றிவிடுவது வழக்கமாயிற்று. பயமுறுத்தாததையும் சேர்த்துத்தான்: அவரைப் பூவில் உட்காரும் நீல வண்டு, எறும்பு இழுத்துப் போகும் ராகி மணி, தண்ணீர்த் தொட்டி ஓரத்துத் தவளை. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் பார்த்த இடமும் நாளும் எழுதுவேன்.

அப்பா காவேரிப்பட்டினத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்தவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது, அவர் கண்ணில் இடுக்கிக்கொண்டு வேலை செய்யும் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி வந்தேன். இந்த ஊர் உத்தனப்பள்ளிக்குக் கிழக்கே இரண்டு மைல். என் மாமியார் வெள்ளையம்மா வருகிறவர்களிடமெல்லாம், "எம் மருமவ சரோஜா மூட்டப்பூச்சிக்கு ஜாதகம் எழுதறா" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டுமே. அடுப்பு வேலை முடிந்தால் என்னை என் நோட்டோடு விட்டுவிடுவார். எத்தனை மாமியார் அப்படி விடுவார்கள்?

ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதம். என் நாத்தனார் ராஜாத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீடு மைசூர் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல். கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து ஓர் எலி கீழே விழுந்தது. ஓடவில்லை. குடித்தவன் மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. பிறகு அடுப்படி வாசலில் படுத்துச் செத்துப்போனது.

எங்கள் பக்கத்தில் எலி விழுந்தால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிளேக். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டில் கொட்டகை போட்டுக் கிடக்க வேண்டும். வெளியூர்க்காரர் உள்ளே வரமாட்டார், நம்மையும் எங்கேயும் சேர்க்கமாட்டார்கள். முதல் எலி எந்த வீட்டில் விழுந்ததோ அந்த வீட்டுப் பெயரைப் பத்து வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

"பூனை கடிச்சுப் போட்டிருக்கும்" என்றார் மாமியார், என் முகத்தைப் பார்க்காமல். எங்கள் வீட்டிலும் பூனை இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை. "கங்கப்பனக் கூப்புடு."

கங்கப்பன் எங்கள் பண்ணையாள். முப்பது வயதிருக்கும். அவர்கள் தெரு ஓடைக்கு அப்பால். அவரை நான் அன்று ஒருமையில்தான் கூப்பிட்டேன், எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். அவர் வந்து எலியை வாலைப் பிடித்து வெறுங்கையால் தூக்கினார்.  எனக்கு வந்த பயம் போகட்டும் என்று நோட்டை எடுத்தேன்.

"கங்கப்பா, அப்படியே கொஞ்சம் நில்லு."

எலியை வரைந்தேன், வாலை வரைந்தேன், வாலைப் பிடித்திருந்த விரல்களையும் வரைந்தேன். கட்டைவிரலில் அரிவாள் பட்ட பழைய தழும்பு இருந்தது, அதையும் விடவில்லை. அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"எங் கையா சின்னம்மா இது? தழும்பு கூட வுளுந்திருக்குதே!"

"போதும், போய்ச் சாணிக் குழியில ஆழமாப் பொதைச்சுடு" என்றார் மாமியார். "ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது."

"நான் என்னிக்குச் சொல்லியிருக்கறன் பெரியம்மா?"

சனிக்கிழமைக்குள் ஐந்து எலி விழுந்தது. ஐந்தையும் அவர்தான் எடுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாகுவின் கம்பளியில் ஒரு தெள்ளுப்பூச்சி துள்ளியது. நாகு என் மகள், நான்கு வயது. தெள்ளைப் பிடித்துத் தண்ணீரில் போட்டால் துள்ளாது. டம்ளரில் போட்டுக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நாய்த் தெள்ளை முன்பே வரைந்திருக்கிறேன். அதன் வாய்க்கு மேலே கறுப்பு முட்கள் வரிசையாக, மீசை வைத்தது போல இருக்கும். இதற்கு மீசையே இல்லை, வழவழவென்று மொட்டை முகம். இது வேறு ஜாதி, புதுசு என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘மீசையில்லாத தெள்ளு, நாகு கம்பளி, ஞாயிறு’ என்று படத்துக்குக் கீழே எழுதி வைத்தேன்.

மறுநாள் ராஜாத்தியின் ரவிக்கை அளவுக்காக அவளும் நானும் உத்தனப்பள்ளி தையல்காரரிடம் போனோம். பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சென்னகிருஷ்ணன் நின்று, பாதி கன்னடத்திலும் பாதி தமிழிலும் சுற்றியிருந்தவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எலி செத்து ஒடம்பு சில்லுன்னு ஆனதும் தெள்ளு அதுல நிக்காது. சூடான ஒடம்பத் தேடிக்கிட்டு நம்மகிட்ட வரும். கடிச்சா ரெண்டு மூணு நாள், இல்ல நாலஞ்சு நாள்ல ஜுரம். தொடையிடுக்குல நெறி கட்டும். முன்ன மாதிரி இல்ல, இப்ப மருந்து இருக்குது. ஆனா மொத நாளே வரணும். மூணாம் நாள் வந்தா எங் கையில ஒண்ணும் இல்ல. எலி வுளுந்தத மறைச்சா கேஸ் போடுவோம், அதையும் சொல்லிட்டன்."

நான் படத்தைப் பார்த்தேன். பூசணிக்காய் அளவுக்கு ஒரு தெள்ளு. மொட்டை முகம். மீசை இல்லை.

வரைந்து முடித்தால் பயம் போய்விடும் என்று இருந்தவள் நான். வரைந்து முடித்த பிறகு பயம் வந்தது அன்றுதான் முதல் தடவை. படத்தை விட்டு நகராமல் நின்றேன். ராஜாத்தி என் கையைப் பிடித்து, "என்னாண்ணி, வெயிலா?" என்று கேட்டாள். அவளிடம் என்ன சொல்வது? வழியெல்லாம் அவள் கல்யாணப் புடவையின் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் நோட்டைக் காட்டிச் சொன்னேன். என் வீட்டுக்காரரும் அங்கே இருந்தார். மாமியார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போச்சு. அவளுக்கு இருவத்தொண்ணு ஆவுது. இந்த வூட்டுல எலி வுளுந்துச்சுன்னு தெரிஞ்சா ஆனேக்கல்காரன் திரும்பிப் பாப்பானா? தாலி ஏறுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. ஏறின அடுத்த நிமிசம் எல்லாரும் கொல்லைக் கொட்டகைக்குப் போவலாம்."

"அதுக்குள்ள நாகுவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அத்தை?"

அவர் கண் கலங்கியிருந்தது. அவர் கல்நெஞ்சக்காரி இல்லை, அவரும் பயந்துதான் இருந்தார். அவர் பயம் அவர் மகளுக்கு, என் பயம் என் மகளுக்கு. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா சொல்றதும் நெசந்தான" என்றார். அந்த மனுஷர் தரையைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை நாகுவைக் குளிப்பாட்டும்போது அவள் கணுக்காலில் மூன்று சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. சொம்பு என் கையிலிருந்து விழுந்தது. தொடையிடுக்கை அமுக்கிப் பார்த்தேன், அக்குளை அமுக்கிப் பார்த்தேன். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். தலையைக்கூடத் துவட்டாமல் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நோட்டையும் பூதக்கண்ணாடியையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டேன்.

பாதி வழியில் கேஸ் ஞாபகம் வந்தது. வரப்பு ஓரத்துக் கிணற்றடியில் நின்று நோட்டைப் பிரித்தேன். எலியும் கங்கப்பன் கையும் இருந்த பக்கத்தில் ‘வியாழன், அடுப்படி வாசல்’ என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஐந்து நாள் மறைத்திருக்கிறோம் என்று அதுவே சொல்லிவிடும். மாமியாரை விலங்கு போட்டு இழுத்துப் போவார்கள், என் வீட்டுக்காரரையும் இழுத்துப் போவார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கிணற்றில் போட்டேன். அது முழுகும் வரை நிற்கக்கூட இல்லை.

உத்தனப்பள்ளியில் இன்ஸ்பெக்டர் என் கண்ணாடியை வாங்கித் தன் கண்ணில் வைத்து, தெள்ளுப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"யாரம்மா எழுதினது?"

"நான்தாங்க."

"எலி வுளுந்துச்சா?"

"இன்னிக்குத்தான். ஒண்ணு. குச்சியால தள்ளிட்டன்."

"யாராச்சும் கையால தொட்டாங்களா? நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க."

நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது? தழும்பு உட்பட எனக்குத் தெரியும். தொட்டார் என்று சொன்னால் எப்போது, எத்தனை என்று கேட்பார். பயமே எனக்காகப் பதில் சொல்லிவிட்டது.

"இல்லீங்க."

"ஹெதரபேடி, பயப்படாதீங்க" என்றார். நாகுவுக்கு ஊசி போட்டு, மாத்திரையும் கொடுத்தார். அன்று சாயங்காலமே ஆட்களோடு வந்துவிட்டார்.

ஊர் இரண்டு நாளில் காலியானது. ஓடுகளைப் பிரித்து வீட்டுக்குள் வெயில் விட்டார்கள், எலி வளைகளில் விஷப்புகை அடித்தார்கள், டி.டி.டி. பொடியில் அடுப்படி கோலமாவு கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது. அறுத்த ராகிக் கொல்லையில் வரிசையாகக் கொட்டகைகள் முளைத்தன. எங்கள் தெருவுக்கு முதலில் ஊசி போட்டார்கள். எலியை யாரும் தொடவில்லை என்று நான் சொல்லியிருந்ததால் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள்.

மாமியார் என்னோடு பேசவில்லை. நான் அதைக் கவனிக்கும் நிலையிலும் இல்லை. விடிந்ததும் நாகுவின் நெற்றி, பிறகு அக்குள், பிறகு தொடையிடுக்கு, மத்தியானம் மறுபடி. வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமையும் அவள் நெற்றி சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான் வேறு ஆள் ஞாபகமே வந்தது.

"கங்கப்பன ஏன் காணம்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஜுரமாம். புதன்கெழமலேருந்து."

புதன், வியாழன், வெள்ளி. விரல் விட்டு எண்ணினேன். எண்ணினால் குறையும் என் பயம், எண்ண எண்ண ஏறியது. இன்ஸ்பெக்டர் கொட்டகைகளைப் பார்த்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அவரை அழைத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். மாமியாரும் பின்னாலேயே வந்தார்.

கங்கப்பன் குடிசையில் கால்களை அகட்டி வைத்துப் படுத்திருந்தார். சேர்த்து வைக்க முடியாத அளவுக்கு நெறி கட்டியிருந்தது. அவர் மனைவி சாந்தம்மா ஈரத் துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகள் அவள் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றன.

இன்ஸ்பெக்டர் குனிந்து கேட்டார். "செத்த எலி எதையாச்சும் தொட்டீங்களா?"

கங்கப்பன் கண்ணைத் திறந்தார். இன்ஸ்பெக்டரைத் தாண்டி, வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லீங்க சாமி. எலியே பாக்கலீங்க."

வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா? நெருப்பாகக் கொதித்துக்கொண்டு எங்கள் வீட்டைக் காப்பாற்றினார். வாயை மூடிக்கொண்டால் அதோடு முடிந்தது, யாருக்கும் தெரியாது. குடிசைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டாருங்க" என்றேன். "அஞ்சு எலி. போன வாரம் வியாழக்கெழமலேருந்து. எங்க வூட்டு எலிங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தன். உங்ககிட்டப் பொய் சொன்னன்."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார். "செவ்வாக்கெழமை கேட்டனே அம்மா. அன்னிக்குச் சொல்லியிருந்தா ஜுரம் வர்றதுக்கு முந்தியே மாத்திரை குடுத்திருப்பன்."

மறுநாள் மத்தியானம் கங்கப்பன் இறந்துபோனார். சாந்தம்மாவையும் பிள்ளைகளையும் தனிக் கொட்டகையில் வைத்து மருந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஸ் எதுவும் வரவில்லை. ராஜாத்தி கல்யாணம் சித்திரையில் நடந்தது, அதே மாப்பிள்ளை, அதே புடவை. எதற்காக அத்தனை பயந்தோமோ அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

கொட்டகையிலிருந்து சாந்தம்மாவை வெளியே விட்ட அன்று அவள் எங்கள் கொல்லை வழியாக வந்தாள். நான் செவ்வாய்க்கிழமை என்ன சொன்னேன் என்பது அவளுக்கும் தெரியும். குடிசையில் அவள் காதுபடத்தான் ஒப்புக்கொண்டேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராக நின்றேன். அவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"பாப்பா நல்லா இருக்குதா சின்னம்மா?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கொட்டகைக்குப் பின்னால் நாகு விளையாடும் சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.